சமநிலை முறியும் விதம்

பனிக்கட்டித் தளத்தின்மேல் சறுக்குக் காலணி பூண்டு ஆடும் ஹொக்கியில், அணிக்கு அறுவர் களத்தில் நிற்பர். பந்துக்குப் பதிலாக இறப்பர் வட்டொன்றை மட்டையாற் செலுத்துவர். 60 நிமிட ஆட்டமும் மேலதிக நேரமும் வெற்றி தோல்வியின்றி முடிந்தால், பல போட்டிகளில் ஒருவரோடொருவர் பொருதும் முறை கையாளப்படுகின்றது.

வட்டு தளத்தின் நடுவே வைக்கப்படும். வீரர் ஒருவர் அதனைக் கொண்டு எதிரணிக் காப்பாளரை நோக்கித் தனியே சறுக்கிச் செல்வார். வட்டு முன்னோக்கியே நகர வேண்டும். காப்பாளர் தடுத்துத் தெறித்த வட்டை மீண்டும் அடித்தல் கூடாது. நேயர்கள் நன்கறிந்த உதைபந்தாட்டத் தண்ட உதையிலே பந்து அசையாது கிடக்கும். இங்கோ வட்டும் ஆளும் ஒருங்கே விரைகின்றமையால், ஏமாற்றும் வித்தைக்கு இடம் மிகுதி.

நோர்வேயின் லில்லிஹாமர் நகரில் 1994ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக் இறுதியாட்டம் இதற்குச் சிறந்த சான்று. சுவீடனும் கனடாவும் 2–2 எனச் சமமாயின. ஐவர் ஐவராக முயன்றும் சமநிலை நீங்கவில்லை. ஏழாம் சுற்றில் சுவீடனின் பீற்றர் போர்ஸ்பேர்க், காப்பாளரை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, ஒற்றைக் கையாற் பிடித்த மட்டையினால் வட்டை மறுபக்கத்தே மெல்லத் தள்ளினார். அடுத்து வந்த கனடியர் போல் காரியாவின் அடி தடுக்கப்பட்டது. இவ்விளையாட்டில் சுவீடனின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அக்காட்சி மறு ஆண்டு அந்நாட்டுத் தபால் முத்திரையிலும் இடம்பெற்றது.

காண்போருக்கு இது விருந்துதான். ஆயினும், அறுவர் கூடி ஆடிய ஆட்டத்தை இருவர் தீர்ப்பது முறையா என்ற வினா அன்று முதல் ஓயவில்லை, அவ்வினா நியாயமானதே. 1998இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் செக் காப்பாளர் டொமினிக் ஹாசெக் கனடியர் ஐவரையும் தடுத்து நின்றார். பெரும்புகழ் பெற்ற வெயின் கிரெட்ஸ்கி அவ்வைவருள் சேர்க்கப்படாது இருக்கையிலேயே அமர்ந்திருந்தார்! அவர் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கனடியர் நெடுங்காலம் வாதிட்டனர்.

வட அமெரிக்கத் தேசிய ஹொக்கி லீக் 2005இல் இம்முறையைச் சாதாரண ஆட்டங்களுக்கு மட்டும் ஏற்றது. அங்கே முதலில் மும்மூவர் முயல்வர். வென்ற அணிக்கு 2 புள்ளி, தோற்றதற்கு 1 புள்ளி. கிண்ணத்துக்கான தொடர் ஆட்டங்களிலோ, கோல் விழும்வரை மேலதிக நேரமே நீளும். சர்வதேசச் சம்மேளனமும் தங்கப்பதக்க ஆட்டத்திலிருந்து இம்முறையை 2019இல் நீக்கிற்று. இப்பொழுது அங்கே காப்பாளர் நீங்கலாக அணிக்கு மூவர் நின்று, கோல் விழும்வரை ஆடுகின்றனர். ஆட்கள் குறையத் தளத்தில் இடம் விரிவதால், கோல் விழ நெடுநேரம் செல்வதில்லை.