பிள்ளைக்கு நாய்க்குட்டி: தடுப்பூசி அவசியம்

செங்கற்பட்டு, மாமல்லபுரம் பகுதி விவசாயிகள் பட்டிக்கும் தோட்டத்துக்கும் காவலாக நாய் வளர்ப்பது வழக்கம். குட்டியைக் கண்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

வெண்ணிற ராஜபாளையம் காவலுக்கும், சிப்பிப்பாறை, கன்னி இனங்கள் ஓட்டத்துக்கும் பேர் பெற்றவை. ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளிவந்தது. சிறு விவசாயிக்கு ஊர்நாய்க் குட்டியே போதும். வெயில் தாங்கும், செலவும் குறைவு.

எந்த இனமானாலும் மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

அடிக்குப் பயந்து பிள்ளைகள் கடியையும் நகக்கீறலையும் மறைப்பதுண்டு. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. எனவே திட்டாமல் விசாரிக்கவும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்கக் கூடாது. எல்லாத் தவணை ஊசிகளையும் தவறாமல் போடுவது அவசியம்.