மதிலுக்கு உள்பக்கமும் உண்டு

நம் ஊரில் மதில் எழுப்பும்போது மனத்தில் இருப்பவன் திருடன். அதனால்தான் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதிக்கிறோம். கிரில் கேட்டின் மேல்முனைகளைக் கூராக்குகிறோம். வீட்டுக்குள் ஒரு சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ வந்து சேர்ந்த பிறகு இந்த ஏற்பாடுகளே ஆபத்தாகின்றன. திருடனுக்காகப் பதித்த சில்லு, உள்ளிருந்து தாவும் நாயின் அடிவயிற்றைக் கிழிக்கிறது. இந்த இனங்களுக்குத் தோலும் மெலிசு, அதன் அடியில் கொழுப்பும் குறைவு. நாய் வளர்க்கும் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, அந்தச் சில்லுகளைக் கொத்தி எடுப்பதுதான்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் நாய்கள். கரிசல் காட்டில் முயல் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, வளைந்து நிமிரும் முதுகு. முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்: கால்கள் வயிற்றடியில் குவியும்போது ஒரு முறை, முன்னும் பின்னும் நீளும்போது மறுமுறை. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். ஆனால், தெருவில் ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும், அந்த உடம்பு விழித்துக்கொள்ளும்.

ராஜபாளையம் தோள்மட்டத்திலேயே இரண்டடிக்கு மேல் நிற்கும். நாலடி காம்பவுண்டுச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆறடி வேண்டும். ஆனால், உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பல நாய்கள் சுவரை ஒரே தாவாகத் தாண்டுவதில்லை, ஏறுகின்றன. பின்கால்களால் எம்பி, முன்பாதங்களை உச்சியில் மாட்டி, பின்கால்களால் சுவரை உதைத்து உடம்பை மேலே தள்ளுகின்றன. கம்பி வலை வேலி கண்ணிக்குக் கண்ணி கால் வைக்க இடம் கொடுக்கிறது. கிடைமட்டக் கம்பிகள் உள்ள கிரில் அவற்றுக்கு ஏணி. வழவழப்பாகப் பூசிய சுவரில் அந்தப் பிடி கிடைக்காது. தெருவில் போகும் பூனையும் கண்ணில் படாது. சுவரை ஒட்டித் துவைகல், விறகுக் குவியல், தண்ணீர்த் தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. உச்சி நெடுகக் கம்பி இழுத்து, அதில் பிவிசி குழாயைத் தளர்வாகக் கோத்துவிட்டால், பாதம் பட்டதும் குழாய் உருண்டு பிடி நழுவும். செலவு குறைந்த, காயப்படுத்தாத வழி இது.

தோட்டத்தில் முள்கம்பி கட்டியிருப்பவர்கள் நாயின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல பார்வையுள்ள மனிதர் 75 அடியில் பிரித்தறியும் ஒன்றை, நாய் ஏறக்குறைய 20 அடிக்கு வந்தால்தான் பிரித்தறியும். தூரத்தில் அசைவது சட்டென்று தெரியும். பாய்ந்து ஓடும்போது குறுக்கே இருக்கும் மெல்லிய கம்பி தெரியாது. எச்சரிக்கையாகச் சிவப்புத் துணி கட்டுவதிலும் பயனில்லை. நாயின் விழித்திரையில் நிறமறியும் கூம்பணுக்கள் இரண்டே வகை என்பதை 1989இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவு. சிவப்பு, பச்சை இலைகளுக்கிடையில் மங்கிக் கரைந்துவிடும். வெள்ளை அல்லது நீலப் பட்டைகளைக் கட்டலாம். முள்கம்பியையே எடுத்துவிடுவது அதைவிட நல்லது.

ராஜபாளையம் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும் அந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்செவியிலும் தேவை. அங்குள்ள திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்க அவை உதவுகின்றன. அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியுணரும் மயிரணுக்கள் மடிந்துபோகும். அப்படிப்பட்ட நாய் வெளியே ஓடினால் நாம் கூப்பிடுவதும் கேட்காது, லாரியின் ஹாரனும் கேட்காது. அதைக் காக்க வேலியை விட்டால் வேறில்லை.

அடுத்து மண். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளமாக வெடிக்கும். கல்தூண் சாயும், வேலியின் அடியில் இடைவெளி விழும். நாய் அங்கேதான் தோண்டத் தொடங்கும். வேலியின் அடியிலிருந்து உட்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையை மடித்துப் படுக்கவைத்து, மேலே மண் மூடிவிட வேண்டும். வேலியோரம் தோண்டும் நாய்க்கு நகத்தில் கம்பி தட்டும். இரண்டடி தள்ளி வந்து தோண்ட அதற்குத் தோன்றாது.

மண்ணுக்குள் கம்பி புதைத்து, கழுத்துப்பட்டை வழியாக மின்னதிர்ச்சி தரும் கண்ணுக்குத் தெரியாத வேலியும் விற்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. விரட்டும் வெறியில் இருக்கும் நாய் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு வெளியேறிவிடும். வெறி அடங்கியபின், அதே அதிர்ச்சிக்குப் பயந்து திரும்பி வராது. வெறிநோய் கண்ட தெருநாய் உள்ளே வருவதையும் அது தடுக்காது. வேல்ஸ் நாட்டில் 2010லேயே இத்தகைய பட்டைகளைத் தடைசெய்துவிட்டார்கள்.

வேலிக்குப் பதிலாகச் சங்கிலி என்பது இன்னும் கொடுமை. சுவரோரம் கட்டிய நாய் மறுபக்கம் தாவினால் கழுத்து இறுகித் தொங்கிவிடும். குட்டையான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சுவர் எவ்வளவு சரியாக இருந்தாலும், பால்காரருக்குத் திறக்கும் கேட்டில் எல்லாம் வீணாகலாம். கேட்டுக்கு உள்ளே நாலைந்து அடி தள்ளி இன்னொரு சிறு கதவு வைத்து, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறப்பது என்று வீட்டிலுள்ள குழந்தைகள்வரை பழக்க வேண்டும். கேட்டின் அடி இடைவெளியையும் ஒரு முறை குனிந்து பாருங்கள். தலை நுழையும் சந்தில் ஒல்லியான சிப்பிப்பாறையின் உடம்பும் நுழைந்துவிடும்.