காடு எல்லோருக்கும் பொதுதான், ஆனால் யார் போகிறார்கள்?

அமெரிக்காவில் கேர்ள்ட்ரெக் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கறுப்பினப் பெண்களுக்கானது. அது கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்: தினமும் அரை மணி நேரம் வீட்டை விட்டு வெளியே வந்து நடங்கள். அவ்வளவுதான். டி. மார்கன் டிக்ஸன், வனெஸ்ஸா கேரிஸன் என்ற இரண்டு தோழிகள் ஆரம்பித்தது. இன்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.

"நடக்கறதுக்கு ஒரு இயக்கமா? ரோடு இருக்கு, பார்க் இருக்கு, யாரு தடுக்கறா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் பதில் ரோட்டிலும் பார்க்கிலும் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

பூட்டு இருந்த காலம்

வர்ஜீனியாவில் ஷெனன்டோவா தேசியப் பூங்கா இருக்கிறது. மத்திய அரசின் இடம், மக்கள் வரிப்பணம். ஆனாலும் அங்கே கறுப்பினத்தவருக்கென்று லூயிஸ் மவுன்டன் என்ற தனிப் பகுதியை ஒதுக்கி, 1939-ல் திறந்தார்கள். பெயர்ப்பலகையிலேயே இது நீக்ரோக்களுக்கான பகுதி என்று எழுதியிருந்தது. பூங்கா முழுக்க எல்லோருக்கும் பொதுவானது 1950 வாக்கில்தான்.

சரி, பூங்காவுக்குப் போய்ச் சேர்வது எப்படி? வழியில் பெட்ரோல் போட வேண்டும், சாப்பிட வேண்டும், ராத்திரி தங்க வேண்டும். எந்த ஊரில் எந்தக் கடையில் அவமானப்படாமல் நிற்கலாம் என்று சொல்வதற்கே விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-ல் 'கிரீன் புக்' என்ற வழிகாட்டியைப் போட ஆரம்பித்தார். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் அந்தப் புத்தகம் வெளிவந்தது. உல்லாசப் பயணத்துக்குக் கிளம்பும் முன் உயிர் பயத்துக்கு ஒரு கையேடு!

பூட்டு போன பிறகும் போகாதது

என் மென்பொருள் தொழிலில் ஒன்று அடிக்கடி நடக்கும். ஒரு வசதி பல வருடம் உடைந்து கிடக்கும். பிறகு சரி செய்துவிடுவோம். ஆனால் பயனாளர்கள் திரும்பி வரமாட்டார்கள். அந்தப் பக்கம் போகாமலே வேலையை முடிக்க அவர்கள் பழகியிருப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் "அதைத் தொடாதே" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சட்டம் பூட்டைத் திறந்தது. வீட்டில் பாட்டி சொன்ன எச்சரிக்கையைச் சட்டத்தால் அழிக்க முடியாது.

அந்த எச்சரிக்கையும் கற்பனை இல்லை. 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன் மிசிசிப்பியில் உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் கொல்லப்பட்டான். உடல் டல்லஹாச்சி ஆற்றில் கிடைத்தது. இவி‌லின் சி. வைட் என்ற கறுப்பின எழுத்தாளர் 1990-களில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரிகனில் மெக்கென்ஸி ஆற்றங்கரையில் நடந்த எழுத்துப் பட்டறைக்கு அவர் பயிற்சியாளராகப் போகிறார். மற்ற பெண்கள் ஆற்றில் படகு விடுகிறார்கள், காட்டுக்குள் நடக்கிறார்கள். இவரால் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. எம்மெட் டில் கண் முன்னால் நிற்கிறான். ஒருத்திக்கு ஆறு என்றால் குளிர்ச்சி, இன்னொருத்திக்கு அதே ஆறு பிணம் கிடந்த இடம். பின்னாளில் அவரும் அதே ஆற்றில் படகில் இறங்குகிறார் என்பதுதான் அந்தக் கட்டுரையின் அழகு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹேரியட் டப்மன் 1849-ல் அடிமைத்தனத்திலிருந்து தப்பியது காட்டு வழியாகத்தான். அதன் பிறகு சுமார் 13 முறை திரும்பிப் போய் ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். ராத்திரிப் பயணம், துருவ நட்சத்திரம்தான் துணை. ஆக, கறுப்பினப் பெண்களுக்குக் காடு அந்நியம் என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை. கேர்ள்ட்ரெக் டப்மனைத் தன் முன்னோடியாகச் சொல்வதன் காரணம் இதுதான். பயத்தின் நினைவுக்கு எதிராக விடுதலையின் நினைவை வைக்கிறார்கள்.

போகாவிட்டால் என்ன நஷ்டம்?

ரோஜர் உல்ரிக் 1984-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது. 2015-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கிரெகரி பிராட்மன் குழு, இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு மனசுக்குள் ஒரே கவலையை அரைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் குறைவதைக் காட்டியது. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான். காடு சர்வரோக நிவாரணி என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆர்லின் ஜெரோனிமஸ் 1992-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். வெயிலிலும் மழையிலும் பாறை தேய்வது போல, ஓயாத பாகுபாடு கறுப்பினப் பெண்களின் உடலைச் சீக்கிரமே தேய்த்துவிடுகிறது என்றார். இன்றும் அமெரிக்காவில் பிரசவம் சார்ந்த மரணம் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதாவது ஆறுதல் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அந்த வாசல் கனமாக இருக்கிறது. அதோடு, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தால் மனசு எங்கே இளைப்பாறும்? மரம் மட்டும் போதாது, பயமில்லாத மரநிழல் வேண்டும்.

பாய் போடுவது எப்படி?

"வாங்க" என்று வாயால் சொல்வது வேறு, உட்காரப் பாய் போடுவது வேறு. இந்த அமைப்புகள் செய்வது இரண்டாவது.

முதலில், கூட்டமாகப் போவது. ஓக்லண்டைச் சேர்ந்த ரூ மேப் 2009-ல் ஒரு வலைப்பூவாகத் தொடங்கியது 'அவுட்டோர் ஆஃப்ரோ'. இன்று பல மாநிலங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் குழுக்களை அழைத்துப் போகிறார்கள். 2014 இறுதியில் ஃபெர்குசன் விவகாரத்தில் நகரமே கொதித்துக்கொண்டிருந்தபோது, ரூ மேப் சிலரை அழைத்துக்கொண்டு ஓக்லண்ட் மலையின் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே நடந்தார். 'ஹீலிங் ஹைக்' என்ற வழக்கம் அங்கிருந்து தொடங்கியது.

இரண்டாவது, தூரத்தைக் குறைப்பது. யோசெமிட்டி வரை போக கார், விடுமுறை, கூடாரம் எல்லாம் வேண்டும். கேர்ள்ட்ரெக் உங்கள் தெருவிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும்.

மூன்றாவது, சின்னச் சின்ன விஷயங்கள். சுருள் முடிக்கு ஏற்ற தொப்பி, எல்லா உடல்வாகுக்கும் பொருந்தும் மழைக்கோட்டு, இருட்டும் முன் திரும்பிவிடும் திட்டம். யோசெமிட்டியில் ஒரு கூடார இடத்துக்கு அதிகபட்சம் 6 பேர்தான். அத்தை, பாட்டி, பிள்ளைகள் என்று திரளாகக் கிளம்பும் குடும்பம் எங்கே போகும்? விதியில் யார் பெயரும் இல்லை. ஆனால் எந்த மாதிரிக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதினார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

நான்காவது, முகம். இந்தியாவில் பிறந்து சிறுவயதில் மின்னசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த அம்ப்ரீன் தாரிக், 'பிரவுன் பீப்பிள் கேம்பிங்' என்ற பெயரில் தன் முகாம் அனுபவங்களை இன்ஸ்டாகிராமில் பகிர ஆரம்பித்தார். 2021-ல் ஒரு இந்தியக் குடும்பம் முதல்முறை கூடாரம் அடிப்பதைப் பற்றிக் குழந்தைகள் புத்தகமும் எழுதினார். நம்மைப் போல ஒருத்தி அங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்று பார்ப்பதே ஒரு அனுமதிச் சீட்டு.

"தனிக்குழு வைத்தால் அதுவும் பிரிவினைதானே?" என்று ஒரு வாதம் வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூயிஸ் மவுன்டன் பலகை, நீ இதைத் தாண்டி வராதே என்று சொன்னது. இந்தக் குழுக்கள், தாண்டிப் போகலாம் வா, நானும் கூட வருகிறேன் என்கின்றன. ஒன்று வேலி, மற்றொன்று பிடித்துக்கொள்ள ஒரு கை. நீச்சல் பழகியவருக்குக் கயிறு தேவையில்லை. அதற்காக, மூழ்கியவர்களைப் பார்த்து வளர்ந்தவரிடம் கயிற்றைப் பறிப்பது சமத்துவம் ஆகிவிடாது.