எடை சரி, மூச்சு ஏன் வாங்குகிறது?

டயாலிசிஸுக்கு வருபவர் முதலில் எடைக்கருவியில் ஏறி நிற்பார். போன முறை கிளம்பியபோது இருந்ததைவிட இரண்டு கிலோ கூடியிருந்தால், அதில் பெரும்பங்கு உடம்பில் தேங்கிய நீர். மூச்சு வாங்குகிறது என்றால் ‘தண்ணீர் ஏறியிருக்கிறது’ என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நீரை இறக்கிய பிறகும் இரைப்பு தணியவில்லையா? அவருக்குப் புற்றுநோயும் உண்டா? அப்படியானால் நுரையீரல் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

காலின் ஆழ்சிரையில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சிக்கிக்கொள்வதே இந்த அடைப்பு. டயாலிசிஸுக்காகக் கழுத்துச் சிரையில் போட்ட குழாயைச் சுற்றியும் ரத்தம் உறையலாம். புற்றுநோய்ச் செல்கள் ரத்தத்தை உறையத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. இந்தத் தொடர்பை 1865இல் பாரிஸில் விளக்கியவர் அர்மான் த்ரூஸோ. இரண்டே ஆண்டில் அவர் சிரையிலும் ரத்தம் உறைந்தது. தனக்கும் புற்றுநோய் என்று உணர்ந்துகொண்டார். 1867இல் அந்நோயாலேயே இறந்தார்.

கண்டுபிடிப்பதில் சிக்கல் உண்டு. ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் அளவு டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் முன்பே கூடியிருக்கும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன்தான் அடைப்பைத் தெளிவாகக் காட்டும். அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்று தயங்குவார்கள். சிறுநீர் அறவே நின்றுவிட்டவருக்குக் கெடுவதற்கு என்ன மிச்சம்? அவசரத்தில் இந்தத் தயக்கம் உயிரைப் பறித்துவிடலாம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுப்பது கத்திமேல் நடப்பதுபோல. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தத் தட்டுகள் சரிவர ஒட்டுவதில்லை. எளிதில் ரத்தம் கசியும். அதே உடம்பில்தான் ரத்தம் உறைந்தும் போகிறது. எனாக்ஸபாரின் சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து. இவர்கள் உடம்பில் அது தங்கி, ரத்தப்போக்கை உண்டாக்கலாம். அதனால் மருத்துவமனையில் சாதாரண ஹெப்பாரினைச் சொட்டுச்சொட்டாக ஏற்றுவதுண்டு. நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும்; அதை முறிக்க புரோட்டமின் என்ற மருந்தும் இருக்கிறது.

திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், ஒரு காலில் மட்டும் வீக்கம், இருமலில் ரத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்கக் கூடாது. எடைக்கருவி சரியான எண்ணைக் காட்டிய பிறகும் ‘இன்னும் மூச்சு வாங்குது, சிஸ்டர்’ என்று ஒருவர் சொன்னால், எண்ணை விட்டு அவர் சொல்லை நம்புங்கள்.