யார் செய்தது, எப்படி வந்தது: அருங்காட்சியகச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டையை நாம் யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. பெயர், வருடம், எதனால் ஆனது, எப்படி வந்து சேர்ந்தது என்று நாலு வரி. தகவல்தானே என்று கண்ணை ஓட்டிவிட்டு ஓவியத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த நாலு வரியும் நாலு தீர்ப்புகள். இதைச் செய்தவர் யார், இது எந்த வகை, இதில் இருப்பவர் யார், இது யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் அந்த அட்டை முடிவுசெய்துவிடுகிறது. தீர்ப்பைத் தகவல் மாதிரிச் சொல்ல முடிவதில்தான் அதன் அதிகாரம் இருக்கிறது.

பிரெஞ்சு அருங்காட்சியகங்களின் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்தத் தீர்ப்புகளுக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு என் கேள்வி. ஐரோப்பியக் கலைவரலாற்றுச் சொற்களில் கணிசமானவை பிரெஞ்சில் வார்க்கப்பட்டவை. ஆனால் பிரான்சுக்கு வெளியே அந்தச் சேகரிப்புகளைப் படிக்கிறவர்களில் பலர் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். நாமும் அப்படித்தான். மானே பற்றியோ மத்தீஸ் பற்றியோ தமிழில் எழுதும்போது பெரும்பாலும் ஆங்கில அட்டையைத்தான் தமிழாக்குகிறோம். நடுவில் நிற்கிற அந்த ஆங்கிலம் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது நமக்கும் தேவையான காரியம்.

1

முதலில் மேலோட்டமான சிக்கல்கள். பிரெஞ்சில் 'கோன்செர்வாத்தர்' என்பவர் சேகரிப்புக்குப் பொறுப்பான அறிஞர். ஆங்கிலத்தில் அவர் 'க்யூரேட்டர்'. ஆங்கிலக் 'கன்சர்வேட்டர்' சேதமான ஓவியத்துக்குச் சிகிச்சை செய்பவர். பிரெஞ்சில் அவருக்குப் பெயர் 'ரெஸ்தோராத்தர்'. இந்தச் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் அவர் சாப்பாட்டுக் கடை முதலாளியாகிவிடுவார். சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். 'கிராவ்யூர்' விஷயம் அப்படியல்ல. மரத்தில் செதுக்கியது, செம்பில் கீறியது, அமிலத்தால் அரித்தது என்று பல அச்சு முறைகளுக்கும் பிரெஞ்சில் இது பொதுச்சொல். ஆங்கிலத்தில் வெறும் 'என்கிரேவிங்' என்றால் பெரும்பாலும் உலோகத் தகட்டில் கூருளியால் கீறியதையே குறிக்கும். அகராதியைப் பார்த்து ஒன்றுக்கு ஒன்று போட்டால், கைவினைஞனின் கை செய்த வேலையே மாறிப்போகிறது.

சில இடங்களில் மொழிபெயர்ப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே நல்லது. பழம், பாத்திரம், வேட்டையாடிய முயல் இவற்றை வரைந்த ஓவியங்களைப் பிரெஞ்சு 'நாத்யூர் மோர்த்' என்கிறது. நேர்ப்பொருளில், செத்த இயற்கை. ஆங்கிலமோ டச்சுச் சொல்லைப் பின்பற்றி 'ஸ்டில் லைஃப்' என்கிறது, அசைவற்ற உயிர். 1728இல் சார்தேன் காட்டிய, குடல் கிழிந்து தொங்கும் திருக்கை மீன் ஒரு மொழியில் மரணத்தின் கீழும் இன்னொரு மொழியில் உயிரின் கீழும் பதிவாகிறது. இரண்டும் அந்தந்த மொழிக்குள் நிலைத்துவிட்ட வகைப்பெயர்கள். இதில் திருத்த ஒன்றுமில்லை.

இன்னொரு வகை, பிரெஞ்சு உடம்போடு ஆங்கிலத்தில் வாழ்பவை. பொன்முலாம் பூசிய வெண்கல அலங்காரத்தை ஆங்கில அட்டைகள் 'ஓர்மொலு' என்று எழுதும். அரைத்த பொன் என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது; ஆனால் பிரெஞ்சு அட்டைகள் 'பிரோன்ஸ் தோரே', அதாவது முலாமிட்ட வெண்கலம், என்றுதான் சொல்கின்றன. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்குவது அந்தத் தொழில். அந்த ஆவியைச் சுவாசித்தே முலாம் பூசுவோர் நோயுற்றுச் செத்தார்கள். 'ஓர்மொலு' என்ற நாகரிகமான சொல்லில் பாதரசமும் தெரியாது, தொழிலாளியும் தெரியமாட்டான். பிரெஞ்சுச் சொல்லிலும் அவன் இல்லைதான். ஆனால் அங்கே குறைந்தபட்சம் ஒரு வேலை நடந்திருப்பது தெரிகிறது.

2

இனி, செய்தவர் யார் என்ற வரி. பிரெஞ்சில் இதற்கு ஒரு படிக்கட்டே இருக்கிறது. 1981 மார்ச் 3 தேதியிட்ட ஓர் அரசாணை, கலைப்பொருள் விற்பனையில் ஏமாற்றைத் தடுப்பதற்காக இந்தச் சொற்களுக்குச் சட்டப் பொருள் கொடுத்தது. 'அத்ரிபுயே ஆ' என்று ஒரு பெயரோடு எழுதினால், அந்தக் கலைஞர் இயங்கிய காலத்திலேயே செய்யப்பட்டது, அவரே செய்திருக்கலாம் என்பதற்குப் பலமான ஆதாரங்கள் உண்டு என்று விற்பவர் உறுதி தருகிறார். 'அத்தெலியே த' என்றால் அவருடைய பட்டறையில் அல்லது அவர் மேற்பார்வையில் செய்யப்பட்டது. 'எகோல் த' என்று கலைஞர் பெயர் வந்தால், செய்தவர் அவரிடம் பயின்றவர் அல்லது அவர் பாதிப்புக்கு உள்ளானவர். அதுவும் அவர் உயிரோடு இருந்தபோது அல்லது இறந்து 50 ஆண்டுகளுக்குள் செய்ததாக இருக்க வேண்டும். 'தாப்ரே', 'மானியேர் த' போன்றவை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. பாணி மட்டும் அவருடையது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் 'அட்ரிபியூட்டட் டு', 'ஸ்டூடியோ ஆஃப்', 'சர்க்கிள் ஆஃப்', 'ஃபாலோயர் ஆஃப்', 'மேனர் ஆஃப்', 'ஆஃப்டர்' என்று இன்னொரு படிக்கட்டு. ஏல நிறுவனங்கள் இவற்றின் பொருளைத் தங்கள் பட்டியலிலேயே அச்சிட்டு, இதெல்லாம் எங்கள் அபிப்பிராயம் மட்டுமே என்றும் சொல்லிவிடுகின்றன. பிரெஞ்சு 'எகோல் த'வை 'ஸ்கூல் ஆஃப்' என்று மாற்றினால் சொல் வந்துவிடும். 50 ஆண்டு என்ற எல்லை வழியிலேயே விழுந்துவிடும். நேரடி மாணவர் என்று தெரிந்தால் ஒரு சொல், பின்னால் வந்தவர் என்றால் வேறொரு சொல் தேட வேண்டும். இதற்கு மொழியறிவு மட்டும் போதாது. பொருளைப் பற்றிய கோப்பைப் படிக்க வேண்டும், பொறுப்பான அறிஞரிடம் கேட்க வேண்டும். ஒரு முன்னிடைச்சொல் மாறினால் ஓவியத்தின் விலை பல மடங்கு ஏறும் இறங்கும் என்கிறபோது இது வெறும் இலக்கண விவகாரம் அல்ல.

இந்தப் படிக்கட்டை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியக் கலைஞனின் பெயர் தெரியாதபோதும் அவனுக்கு நெருக்கமாகப் போக இத்தனை படிகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆப்பிரிக்கச் சிற்பிக்கு?

3

அங்கே நெடுங்காலம் ஒரே ஒரு படிதான்: இனக்குழுவின் பெயர். 'ஃபோன்', 'தோகோன்', 'பாவுலே'. கலைஞனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மக்கள்கூட்டம் முழுவதும் நிற்கிறது. அப்படி எழுதினால் கலைஞன் என்று தனியாக ஒருவன் இல்லை, இனம் தன்னிச்சையாகச் சிலைகளை முளைக்கவைக்கிறது என்றாகிறது. ஆனால் தகோமே அரசவையின் சிற்பிகளில் பெயர் தெரிந்தவர்கள் உண்டு. அரசர் பெஹான்சினைச் சுறாவாகக் காட்டும் சிலை சொஸ்ஸா தேதே என்ற சிற்பியுடையதாகச் சொல்லப்படுகிறது. அதாவது 'அத்ரிபுயே ஆ' என்ற சொல் இங்கேயும் செல்லுபடியாகும். பயன்படுத்தத்தான் மனம் வரவில்லை. அண்மையில் சில ஆங்கில அட்டைகள் 'ஃபோன் மக்கள்' என்பதை 'ஃபோன் கலைஞர்' என்று மாற்றியிருக்கின்றன. பெயர் இன்னும் இல்லை. ஆனால் ஓர் ஆள் இருந்தார் என்பதாவது ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

வகைப்பெயரிலும் இதே கதைதான். 1902இல் ப்ரூஜ் நகரில் 'பிரிமித்தீஃப் ஃபிளமான்' என்று ஒரு கண்காட்சி, 1904இல் பாரீசில் 'பிரிமித்தீஃப் ஃபிரான்செ' என்று இன்னொன்று. காட்டப்பட்டவர்கள் பழைய ஐரோப்பிய ஓவியர்கள். அங்கே 'பிரிமித்தீஃப்' என்றால் முதல்வர்கள், முன்னோர்கள் என்ற மரியாதை. அதே சொல் ஆப்பிரிக்க, ஓசியானியப் பொருள்களுக்கு வந்தபோது வளர்ச்சி நின்றுபோனவர்கள் என்றாயிற்று. ஆங்கிலம் பின்னாளில் ஐரோப்பியர்களை 'ஆரம்பகால நெதர்லாந்து ஓவியர்கள்' என்று மாற்றி எழுதிக்கொண்டது. மற்றவர்களுக்கோ அது பிரிமிட்டிவ் ஆர்ட் ஆகவே நீடித்தது. 1957இல் நியூயார்க்கில் அந்தப் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பிரான்சில் 1990களில் 'ஆர் பிரமியே' என்ற தொடர் பரவியது. முதற்கலைகள் என்று சொல்லலாம். அந்தக் கலைகளுக்கு 2000இல் லூவரில் ஒரு பகுதி திறந்தார்கள், 2006இல் கே பிரான்லி அருங்காட்சியகம் வந்தது. 'பிரமியே', 'பிரிமித்தீஃப்' இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர். முதல் என்பதே பொருள். சொல்லை மாற்றினார்கள், காலத்தில் பின்னுக்குத் தள்ளுவதை மாற்றவில்லை. ஒரு 19ஆம் நூற்றாண்டுச் சிலை எப்படி 'முதல்' ஆகும்? அது மானேயின் சமகாலம் அல்லவா? ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்கு ஒரு சொல் நிலைக்கவேயில்லை. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. மொழிபெயர்க்க மறுக்கும் சொல் சில சமயம் அது மறைத்த கேள்வியை வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

4

கடைசி வரி: எப்படி வந்தது. 1892 நவம்பரில் ஜெனரல் தோத்ஸ் தலைமையிலான பிரெஞ்சுப் படை தகோமேயின் தலைநகர் அபோமேக்குள் நுழைந்தது. அரண்மனையின் சிலைகள், சிம்மாசனங்கள், கதவுகள் பிரான்சுக்குப் போயின. 1893லும் 1895லும் தோத்ஸ் அவற்றைப் பாரீசில் த்ரோக்காதெரோ இனவரைவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பதிவேட்டில் அது 'தோன்', ஆங்கிலத்தில் 'கிஃப்ட்', தமிழில் நன்கொடை.

பொய் என்று சொல்ல முடியாது. அவர் கொடுத்தார், இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கதையைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். 'தோன்' என்பதை 'கிஃப்ட்' என்று மாற்றுகிற மொழிபெயர்ப்பாளர் மீது எந்தப் பிழையும் சொல்ல முடியாது. சொல்லுக்குச் சொல் சரி. அந்தச் சரிதான் எனக்குப் பிரச்சினையாக இருக்கிறது. 1892ஆம் ஆண்டை மூல மொழியிலேயே விழுங்கிய பிரதியை விசுவாசமாக மொழிபெயர்த்தால், விழுங்கியதும் சேர்ந்தே மொழிபெயர்கிறது.

இந்தப் பொருள்களில் 26 திரும்பிப் போன விதமும் ஒரு சொற்போர். 2020இல் சட்டம் விவாதிக்கப்பட்டபோது பிரெஞ்சு செனட், 'ரெஸ்தித்யூசியோன்' என்ற சொல்லை நீக்கி 'ரெத்தூர்' என்று போட்டது. முதலாவது உரியவருக்குத் திருப்பிக் கொடுப்பது; தவறு நடந்ததை ஒப்புக்கொள்வதாக ஒலிக்கிறது. இரண்டாவது வெறுமனே திரும்புதல். தேசிய சட்டமன்றம் பழைய சொல்லையே மீட்டது. 2020 டிசம்பர் 24 தேதியிட்ட சட்டத்தின் தலைப்பில் 'ரெஸ்தித்யூசியோன்' இருக்கிறது. 2021 நவம்பரில் 26 பொருள்களும் பெனின் போய்ச் சேர்ந்தன. ஆங்கிலத்திலும் 'ரிட்டர்ன்', 'ரெஸ்டிட்யூஷன்' என்ற வேறுபாடு உண்டு. 1978இல் அமைந்த யுனெஸ்கோ குழு ஒன்றின் நீண்ட பெயரிலேயே, சட்டவிரோதமாக எடுக்கப்பட்டவற்றுக்கு மட்டும் இரண்டாவது சொல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக 'ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பு, செனட் தோற்ற வாக்கெடுப்பை ஆங்கிலத்தில் ஜெயிக்கவைக்கிறது.

5

அப்படியானால் என்ன செய்வது? பழைய சொற்களையெல்லாம் நல்ல சொற்களாக மாற்றிவிடலாமே என்று தோழர்கள் கேட்கிறார்கள். இதில் எனக்குப் பாதி உடன்பாடு. 1800இல் மாரி கியேமின் பெனுவா ஒரு கறுப்புப் பெண்ணை வரைந்தார். அந்த ஆண்டுக் கண்காட்சியில் தலைப்பு, 'ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவப்படம்'. பிறகு 'ஒரு கறுப்பினப் பெண்ணின் உருவப்படம்' ஆயிற்று. 2019இல் பாரீஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் நடந்த கறுப்பு மாடல்கள் பற்றிய கண்காட்சி அவரை மதலேன் என்று பெயர் சொல்லி அழைத்தது. ஆய்வினால் வந்த மாற்றம் அது, வரவேற்கிறேன். சுவரில் அந்தப் பெயர்தான் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும்.

ஆனால் பதிவேட்டிலிருந்து 1800இன் தலைப்பை அழித்துவிட்டால் ஆதாயம் யாருக்கு? 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறையை 1802இல் மீண்டும் கொண்டுவந்த நாடு அது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணைப் பெயரில்லாமல், நிறத்தால் மட்டும் அடையாளப்படுத்திய சொல், குற்றத்தின் சாட்சியம். சாட்சியத்தைக் கழுவித் துடைத்தால் நிறுவனம் சுத்தமாகிவிடும். மதலேனுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆகவே நான் கேட்பது எளிய விஷயம். ஒவ்வொரு சொல்லுக்கும் தேதி வேண்டும். யார், எந்த வருடம், எந்த மொழியில் வைத்த பெயர் என்று பதிவேடு சொல்லட்டும். பழைய தலைப்பு பிரெஞ்சிலேயே இருக்கட்டும், ஆங்கிலம் அதைப் பழைய தலைப்பு என்று சொல்லித் தரட்டும். 'தோத்ஸின் நன்கொடை' என்ற வரிக்கு முன்னால், '1892இல் அபோமே அரண்மனையிலிருந்து பிரெஞ்சுப் படை கைப்பற்றியது' என்று ஒரு வரி வரட்டும். அதை எழுதும் அதிகாரம் மொழிபெயர்ப்பாளரிடம் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் இந்த வரி எங்கே என்று கோப்பின் ஓரத்தில் குறிப்பெழுதிக் கேட்க அவரால் முடியும். அந்த அட்டையை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிற நாமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதலாம்.