கோடிங் தியரி, டோபாலஜி: பி.எஸ்சி. கணிதத்தில் இந்த 2 பாடங்களில் என்ன இருக்கிறது?

பி.எஸ்சி. கணிதத்தில் விருப்பப் பாடம் தேர்வு செய்யும் நேரம். 'கோடிங் தியரி' என்ற பெயரைப் பார்த்ததும், "கோடிங்தானே, ஐடி வேலைக்கு யூஸ் ஆகும்" என்று டிக் அடிப்பவர்கள் உண்டு. 'ஜியாமெட்ரிக் டோபாலஜி' என்றதும், "இதைப் படிச்சு என்ன பண்றது?" என்று தாண்டிப் போகிறவர்களும் உண்டு. இரண்டு கணிப்புமே தவறு. முதல் பாடம் புரோகிராமிங் பற்றியது அல்ல. இரண்டாவது, குவாண்டம் கம்ப்யூட்டர் வரை வந்துவிட்டது.

கோடிங் தியரி என்றால் என்ன?

தகவலை அனுப்பும்போது வழியில் அது சிதையலாம். திரும்ப அனுப்பச் சொல்லாமலே பிழையைத் திருத்த முடியுமா? இதுதான் இந்தப் பாடத்தின் கேள்வி.

எளிய வழி, 1 என்பதை 111 என்று மூன்று முறை அனுப்புவது. 101 என்று வந்தால், மெஜாரிட்டி பார்த்து 1 என்று முடிவு செய்யலாம். ஆனால், டேட்டா மூன்று மடங்காகிவிடும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங், 1950-ல் வெளியிட்ட கட்டுரையில் சிக்கனமான வழியைக் காட்டினார். 4 பிட் தகவலுடன் 3 பிட் சேர்த்தால் போதும். மொத்தமுள்ள 7 பிட்டில் எந்த ஒன்று மாறினாலும், அது எது என்று தெரிந்துவிடும். இந்த முறையில் வரும் 16 கோடுகளில் எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது 3 இடங்களில் வேறுபடும். அதனால், ஒரு பிழை வந்தாலும் அசல் கோடுதான் மிக அருகில் இருக்கும்.

நம் கையில் எங்கே இருக்கிறது?

டீக்கடை க்யூஆர் கோடு கொஞ்சம் கிழிந்திருந்தாலும் ஸ்கேன் ஆகிறதே, எப்படி? ரீட், சாலமன் ஆகிய இருவர் 1960-ல் வெளியிட்ட கோடு அதற்குள் இருக்கிறது. அதிகபட்ச பாதுகாப்பு நிலையில், சுமார் 30% சிதைந்தாலும் மீட்க முடியும்.

12 இலக்க ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இப்படித்தான். அது வெர்ஹோஃப் முறையில் வரும் சரிபார்ப்பு இலக்கம். ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தாலோ, பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலோ காட்டிக்கொடுத்துவிடும். ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் கிடைக்கும் 10 நிலைகளின் கணிதம்தான் இதன் அடிப்படை. வகுப்பில் படிக்கும் குரூப் தியரியேதான்!

டோபாலஜி என்ன கேட்கிறது?

ஒரு வடிவத்தை இழுக்கலாம், வளைக்கலாம். கிழிக்கவோ ஒட்டவோ கூடாது. அப்போதும் எது மாறாமல் இருக்கும்?

இட்லியின் மேல் ஒரு நூல் வளையம் போட்டால், மேற்பரப்பை விட்டு விலகாமலே அதைப் புள்ளியாகச் சுருக்கிவிடலாம். மெதுவடையில், ஓட்டை வழியாகச் சுற்றி வரும் வளையத்தை அப்படிச் சுருக்க முடியாது. இதே கேள்வியை ஒரு பரிமாணம் மேலே கொண்டுபோய் 1904-ல் கேட்டவர் பிரான்ஸின் பாயின்கரே. விடை கிடைக்க 2002-03 வரை ஆனது. அதைத் தந்த ரஷ்யாவின் பெரெல்மான், 10 லட்சம் டாலர் பரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டும் எங்கே சந்திக்கின்றன?

குவாண்டம் கம்ப்யூட்டரின் 'க்யூபிட்'கள் சீக்கிரம் பிழையாகிவிடும். 1997-ல் அலெக்சி கிட்டேவ் ஒரு யோசனை சொன்னார். வடை போன்ற பரப்பில் க்யூபிட்களைப் பரப்பி, தகவலை அந்தச் சுருங்காத வளையங்களில் வைத்துவிடலாம். அங்கங்கே வரும் சின்னப் பிழைகள் சுருங்கக்கூடிய குட்டி வளையங்கள் மாதிரி, தகவலைத் தொடாது. பிழை வடையை முழுசாகச் சுற்றி வந்தால்தான் ஆபத்து. இதன் தட்டையான வடிவமே 'சர்ஃபேஸ் கோடு'. கூகுளின் வில்லோ சிப்பில் க்யூபிட் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட பிழை குறைந்ததாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டதும் இந்தக் கோடை வைத்துத்தான்.

யார் எடுக்கலாம்?

கோடிங் தியரிக்கு லீனியர் அல்ஜீப்ராவும் ஃபைனைட் ஃபீல்டும் தெரிந்திருந்தால் சுலபம். தொலைத்தொடர்பு, டேட்டா ஸ்டோரேஜ் துறைகளில் நேரடிப் பயன் உண்டு. டோபாலஜிக்கு அனாலிசிஸும் குரூப் தியரியும் தேவை. இது பெரும்பாலும் மேற்படிப்பு, ஆராய்ச்சிக்கான பாதை. கேம்பஸ் இன்டர்வியூவை மட்டும் நினைத்து எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

டிக் அடிக்கும் முன், என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோடிங் தியரி வகுப்புகளில் இரண்டைப் பாருங்கள். டோபாலஜி என்றால், சிலபஸின் முதல் யூனிட்டை ஒருமுறை படித்துவிடுங்கள். பெயரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க!