சாப்ட்வேர் எழுதுபவர்களுக்கு எத்தனை மாதத்திற்கு ஒரு பரீட்சை?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தால், 'அப்ரைசல்' என்ற சொல்லை நிச்சயம் கேட்டிருப்பீர்கள். ஊழியரின் வேலையை மேலாளர் எடைபோட்டு ரேட்டிங் கொடுப்பதுதான் அப்ரைசல். சம்பள உயர்வும் பதவி உயர்வும் பெரும்பாலும் இதை வைத்தே முடிவாகின்றன. இந்தப் பரீட்சையை எத்தனை மாதத்திற்கு ஒரு முறை வைக்கலாம்?

பல கம்பெனிகளில் இது ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. இதில் என்ன சிக்கல்? கம்ப்யூட்டரில் நீண்ட கடிதம் ஒன்றை டைப் செய்கிறீர்கள். முடித்த பிறகு சேவ் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டால், நடுவில் கரண்ட் போனதும் எல்லாம் போய்விடும் அல்லவா? மேலாளரின் ஞாபகமும் அப்படித்தான். ஏப்ரலில் நான் இரவெல்லாம் விழித்துச் சரிசெய்த பிழை அடுத்த மார்ச்சில் யார் நினைவிலும் இருக்காது. கடைசி இரண்டு மாத வேலை மட்டும்தான் கண்ணில் நிற்கும். ஜூனில் எழுதிய புரோகிராமில் குறை இருந்தால், அதை ஜூனிலேயே சொன்னால்தானே திருத்திக்கொள்ள முடியும்?

பெரிய கம்பெனிகள் என்ன செய்தன என்று பார்ப்போம்.

அடோபி: போட்டோஷாப்பைத் தயாரிக்கும் இந்த அமெரிக்க கம்பெனி, ஆண்டு மதிப்பீட்டுக்கு மட்டும் தன் மேலாளர்கள் வருடத்திற்கு 80,000 மணி நேரம் செலவிடுவதாகக் கணக்கிட்டது. 2012-ல் அதை நிறுத்திவிட்டு, அடிக்கடி உட்கார்ந்து பேசும் 'செக்-இன்' முறைக்கு மாறியது.

மைக்ரோசாப்ட்: ஒரு குழுவில் எல்லோரும் நன்றாக உழைத்தாலும், சிலருக்குக் குறைந்த ரேட்டிங் கொடுத்தே ஆகவேண்டும் என்ற முறை இங்கே இருந்தது. சக ஊழியருக்கு உதவினால் நம் இடம் போய்விடுமோ என்ற பயத்தை அது வளர்த்தது. 2013 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள்.

கூகுள்: ஆண்டுக்கு இரண்டு முறை நடந்த முழு மதிப்பீட்டை 2022-ல் ஒரு முறையாகக் குறைத்தது.

அப்படியானால் மாதாமாதம் ரேட்டிங் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் ஆபத்து உண்டு. சில பிழைகளைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். மாதாமாதம் மார்க் என்றால், அந்த வேலையை யாரும் தொடமாட்டார்கள். சீக்கிரம் முடிகிற, வெளியே பளிச்சென்று தெரிகிற வேலைகளையே எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் கஷ்டப்படுவது, அந்தப் பிழையோடு சாப்ட்வேரைப் பயன்படுத்தும் நீங்கள்தான்.

எனவே பேச்சு வேறு, தீர்ப்பு வேறு என்று பிரித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. சாப்ட்வேர் குழுக்கள் பலவும் இரண்டு வார வேலையாகப் பிரித்துக்கொண்டு உழைக்கின்றன. ஒவ்வொரு முறை முடியும்போதும் 'இது நன்று, இதை மாற்று' என்று பேசிவிடலாம். சம்பளத்தை முடிவு செய்யும் ரேட்டிங், ஆண்டுக்கு ஒன்று போதும். பேச்சு ஒழுங்காக நடந்தால் அந்த ரேட்டிங்கில் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது.

ஒரு டிப்ஸ்: உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். விண்டோஸில் உள்ள நோட்பேடைத் திறந்து எப்5 கீயை அழுத்தினால், அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்துவிடும். அதன் எதிரே அன்று முடித்த வேலையை ஒரு வரியில் எழுதி சேவ் செய்துவரட்டும். அப்ரைசல் அன்று யாருடைய ஞாபகத்தையும் நம்பியிருக்க வேண்டாம்.